பாறையில் வழுக்காத காலணி எது?

ஏலகிரியின் உச்சியான சுவாமிமலையிலிருந்து நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். நானும், இயற்பியல் படிக்கும் மாணவர்கள் எட்டுப் பேரும். மாலை நான்கு மணி இருக்கும். பாதி வழியில் என் வலது குதிகால் எதிலோ புதைந்து எழுவதுபோல் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். நான் நடந்து வந்த வழி நெடுகிலும் ஊறிய ரஸ்க் துண்டுகளைப் போலச் சாம்பல் நிறத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. அவை என் காலணியின் அடிப்பாகம்!

இன்னும் பத்து அடி வைப்பதற்குள் சோல் வாயைப் பிளந்துவிட்டது. கால் சரிந்து முழங்கால் பாறையில் மோதியது. பின்னால் வந்த மாணவர் என் தோள்பையைப் பிடித்து இழுத்திராவிட்டால் கீழே இருந்த புதர் வரை உருண்டிருப்பேன்.

விறகுக் கட்டுடன் இறங்கி வந்த மலையூர்ப் பெரியவர் ஒருவர் கட்டை இறக்கி வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார். "புதுசாட்டம் இருக்குதே, சார்?" என்றார்.

"புதுசுதான், ஐயா. வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. நாலு தடவைகூடப் போட்டதில்லை."

"அதான் சார்" என்று சொல்லிவிட்டு, கற்றாழை நாரை எடுத்துச் சோலையும் காலணியையும் சேர்த்துக் கட்டினார். அவர் காலில் கிடந்தவை லாரி டயரை வெட்டிச் செய்த செருப்புகள். அவர் வேடிக்கையாகச் சொன்னார் என்றே அன்று நினைத்தேன். வீடு வந்து யோசித்தபோதுதான் அதில் இருந்த வேதியியல் புரிந்தது.

பல காலணிகளில் தரையைத் தொடும் ரப்பருக்கு மேலே, அதிர்ச்சியைத் தாங்குவதற்காக ஒரு மெத்தென்ற அடுக்கு உண்டு. என் காலணியில் அது பாலியூரித்தேன் நுரையால் ஆனது. இந்நுரையின் ஒரு வகையில், மூலக்கூறுச் சங்கிலிகளை எஸ்ட்டர் பிணைப்புகள் கோத்து வைத்திருக்கின்றன. காற்றில் உள்ள ஈரம் இப்பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. நீராற்பகுத்தல் என்று உங்கள் வேதியியல் பாடத்தில் வரும் அதே வினைதான். நீங்கள் நடந்தாலும் நடக்காவிட்டாலும், காலணி அலமாரியில் தூங்கினாலும், வினை மட்டும் தூங்குவதில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் ஊரில் அது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே காலணியின் வயதைப் போட்டு நடந்த நாளிலிருந்து அல்ல, செய்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். நெடுநாள் பெட்டியில் இருந்த காலணியை மலைக்கு எடுத்துச் செல்லும் முன் அந்த நுரை அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் எழும்பாமல் நின்றாலோ, பொடி உதிர்ந்தாலோ அந்தக் காலணி வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்த நிகழ்ச்சி நடந்த இடத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஏலகிரியின் மேல் நின்று பார்த்தால் வாணியம்பாடிப் பக்கம் தெரியும். அதற்கு அப்பால் ஆம்பூர், இன்னும் வடகிழக்கே இராணிப்பேட்டை. உலகின் பல நாடுகளுக்குத் தோலும் காலணியும் செய்து அனுப்பும் ஊர்கள் இவை. அந்த ஊர்களின் தலைக்கு மேலே நின்றுகொண்டு, காலணியை நாரால் கட்டி இறங்கினேன்!

ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜோலார்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து அருகில்தான். மலைச்சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். இன்று பாறை ஏற்றம் பழக வரும் இளைஞர்கள் இங்கே மிகுதி. ஏறும் பாறையில் கயிறு இருக்கிறது, தலைக்கவசம் இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார். பாறை வரை நடந்து போகும் வழியிலும், களைத்துப்போய்த் திரும்பி வரும் வழியிலும் காலணி ஒன்றுதான் துணை.

இம்மலையின் பாறை சயனைட் எனப்படும் தீப்பாறை. சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிய குழம்பாக இருந்து இறுகியது. பார்வைக்குக் கருங்கல்லைப் போலவே இருக்கும். ஆனால் இதில் குவார்ட்ஸ் குறைவு, ஃபெல்ஸ்பார் மிகுதி. ஃபெல்ஸ்பார் மழையிலும் வெயிலிலும் சிதைந்து களிமண்ணாக மாறும் தன்மை உடையது. அதனால் உறுதியான பாறைச் சரிவின் மேலேயே பொடியும் சிறு மணிகளும் படிந்திருக்கும். காலணிக்கும் பாறைக்கும் நடுவே இந்த மணிகள் சைக்கிள் பேரிங்குக் குண்டுகளைப் போல உருளும். ஏலகிரியில் வழுக்கி விழுபவர்களில் பலரை வீழ்த்துவது பாறை அல்ல, அதன்மேல் கிடக்கும் இந்த மணிகள்தாம்.

இனி உராய்வுக்கு வருவோம். ஒரு சாய்தளத்தின் மேல் நிற்கும்போது உங்கள் எடையின் ஒரு கூறு தளத்தை அழுத்துகிறது. இன்னொரு கூறு உங்களைக் கீழே இழுக்கிறது. சாய்வை மெதுவாகக் கூட்டினால் ஒரு கோணத்தில் சறுக்கல் தொடங்கும். அக்கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்பே நிலை உராய்வுக் குணகம். கோணம் 35 பாகை எனில் குணகம் 0.70, 45 பாகை எனில் 1. இந்தக் கணக்கில் எடை அடிபட்டுப் போகிறது. குண்டானவரும் ஒல்லியானவரும் ஒரே சரிவில்தான் வழுக்க வேண்டும் என்பது பாடநூல் விதி.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மெருகேற்றாத கருங்கல் பலகைத் துண்டு ஒன்று கிடைக்கும். அதன்மேல் காலணியை வைத்து உள்ளே அரைச் செங்கல் ஒன்றை இடுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தி, சறுக்கும் கணத்தில் கோணமானியால் கோணத்தை அளவிடுங்கள். பிறகு கல்லை நனைத்து ஒரு முறை. காயவைத்து, மெல்லிய மணலைத் தூவி ஒரு முறை. ஒவ்வொன்றையும் ஐந்து தடவை செய்து சராசரி காணுங்கள். வீட்டிலுள்ள ஹவாய்ச் செருப்பு, பள்ளிக் காலணி, விளையாட்டுக் காலணி எல்லாவற்றையும் வரிசையாகச் சோதியுங்கள். விலைக்கும் கோணத்துக்கும் தொடர்பு இல்லாததைக் கண்டு வியப்படைவீர்கள்.

ஆனால் ரப்பர் பாடநூல் விதிக்கு முழுவதும் கட்டுப்படும் பொருள் அல்ல. இரும்புத் துண்டு பாறையின் மேடுகளில் சில புள்ளிகளை மட்டுமே தொடுகிறது. ரப்பரோ குழைந்து, மேடுபள்ளங்களுக்குள் இறங்கி உட்கார்கிறது. தொடும் பரப்பு மிகுந்தால் பிடிப்பும் மிகும். ஆகவே சரிவில் நடக்கும்போது நுனிக்காலால் நடக்காமல் முழுப் பாதத்தையும் பதிக்க வேண்டும். பயத்தில் பாறையின் மேல் சாய்ந்து கைகளை ஊன்றிக்கொள்வதும் தவறு. பாறையை அழுத்தும் விசையில் ஒரு பங்கு கைக்குப் போய்விடும். காலுக்குக் கிடைக்கும் உராய்வு அந்த அளவுக்குக் குறையும். நிமிர்ந்து நின்றால்தான் கால் நிற்கும்.

ரப்பரில் இன்னொரு விந்தை உண்டு. காந்தவியலில் 'தயக்கம்' என்று படித்திருப்பீர்கள். ரப்பருக்கும் அது உண்டு. அமுக்கிய ரப்பர் தான் பெற்ற ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. துள்ளிக் குதிக்கும் பந்தில் இந்த இழப்பு குறைவு. தரையில் போட்டால் 'தொப்'பென்று கிடக்கும் பந்தில் மிகுதி. பாறை மேல் பிடிப்புத் தருவது இந்த இரண்டாம் வகை ரப்பர்தான். 1980-களின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டில் இத்தகைய ஒட்டும் ரப்பரைப் பாறை ஏறும் காலணிக்குப் பயன்படுத்தினார்கள். அதுவரை முடியாதெனக் கருதப்பட்ட வழவழப்பான சரிவுகளில் மனிதர்கள் ஏறத் தொடங்கினார்கள்.

அப்படியானால் அதையே எல்லாக் காலணிக்கும் போடலாமே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். நன்றாகப் பிடிக்கும் மென்மையான ரப்பர் விரைவில் தேயும். நெடுநாள் தேயாத கடின ரப்பரில் பிடிப்புக் குறையும். பிடிப்பும் உழைப்பும் தராசின் இரு தட்டுகள். கடைக்காரர் "அஞ்சு வருஷம் தேயாது, தம்பி" என்று சொன்னால், அது பாறையில் எப்படி நிற்கும் என்றும் நீங்கள் கேட்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு சோக வரலாறு உண்டு. அக்கால ஆல்ப்ஸ் மலையேறிகள் அடிவாரம் வரை ஆணி அடித்த கனமான காலணிகளில் நடந்து, பாறையில் ஏறும்போது மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணிகளுக்கு மாறிக்கொள்வார்கள். 1935-இல் இத்தாலியரான விட்டாலே பிரமானி சென்ற குழு, புந்தா ரசீக்கா என்ற சிகரத்தில் புயலில் சிக்கியது. மெல்லிய காலணிகளோடு பனியிலும் ஈரத்திலும் அவர்களால் இறங்க முடியவில்லை. ஆறு பேர் இறந்தனர். நடப்பதற்கும் ஏறுவதற்கும் ஒரே காலணி வேண்டும் என்று பிரமானி முடிவு செய்தார். டயர் தொழிலில் புகழ்பெற்ற பிரெல்லியின் உதவியோடு, ஆழமான பள்ளங்களும் கட்டைகளும் கொண்ட ரப்பர் சோலை 1937-இல் உருவாக்கினார். அவர் பெயரின் முதல் எழுத்துகளே 'விப்ரம்' என்ற வணிகப் பெயர் ஆயின. 1954-இல் கே-2 சிகரத்தை முதன்முதலில் எட்டிய இத்தாலியர்களின் காலணிகளில் இருந்தது இந்தச் சோல்தான்.

இந்தக் கட்டைகள் மண்ணிலும் சேற்றிலும் ஊன்றி நிற்கும். பள்ளங்கள் நீரை வெளியேற்றும். வழவழப்பான பாறையிலோ கட்டைகளின் நுனிகள் மட்டுமே தொடுகின்றன, பரப்புக் குறைகிறது. ஆகவே பாறை வரை நடப்பதற்கென்று செய்யும் காலணிகளில் பெருவிரலுக்குக் கீழே சோலைத் தட்டையாக விட்டு, நடுவிலும் குதிகாலிலும் மட்டும் கட்டைகள் வைக்கிறார்கள். அப்படிப்பட்டது கிடைக்காவிட்டால், கட்டைகள் அகலமாகவும் ஆழம் குறைந்தும் உள்ள ரப்பர் சோல் போதும். பிளாஸ்டிக் சோல் வேண்டவே வேண்டாம்.

மேற்பாகத்துக்கு வருவோம். தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகள் பின்னிய பாய். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும்; காய்ந்தால் விறைக்கும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது நம் பழைய முறை. குரோமிய உப்புகளால் பதனிடுவது புதிய முறை. குரோமியம் இழைகளைக் குறுக்கே இறுகப் பிணைத்துவிடுவதால், நன்கு பதனிட்ட துண்டு கொதிக்கும் நீரில்கூடச் சுருங்காது. தோல் தொழிலில் இதையே ஒரு சோதனையாகச் செய்கிறார்கள். பட்டையில் பதனிட்ட தோல் நனைந்த நிலையில் 80 பாகை செல்சியஸ் அளவிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். மழையில் நனைந்த காலணியை முகாம் நெருப்பின் அருகே வைப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துவதே சரி. சூட்டில் பசையும் இளகிவிடும் என்பது கூடுதல் காரணம்.

தோலின் மேற்புற அடுக்கு நெருக்கமானது. நீரை எளிதில் விடாது. அதை உரித்தெடுத்த பின் எஞ்சும் அடித்தோலின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியும் விற்பதுண்டு. கடையில் பளபளக்கும், விரல் மடியும் இடத்தில் ஆறு மாதத்தில் வெடிக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் விசிறிபோல் விரியும். தையல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு ஊசித் துளையும் நீருக்கு ஒரு வாசல். சோலை ஒட்டி மட்டும் இருக்கிறார்களா, தைத்தும் இருக்கிறார்களா என்று பாருங்கள். தைத்ததற்குத் தெருமுனைத் தொழிலாளியிடமே புதுச் சோல் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வட்டாரத்தில் 'நெடுநாள் உழைப்பது' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பாலாற்றங்கரைக் கிணறுகளில் தோல் பதனிடும் கழிவு கலந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலூர் மாவட்டக் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் கடுமையான தீர்ப்பை வழங்கியது. ஒரு சோடி தோல் காலணியை மூன்று ஆண்டுகளுக்குப் பதில் ஆறு ஆண்டுகள் போட்டால், அதற்கான கழிவுநீர் பாதியாகிறது. இதற்குக் கணக்குப் பாடம் வேண்டியதில்லை.

எடையையும் மறக்காதீர்கள். ஒரு காலணி 200 கிராம் கூடுதலாக இருந்தால், 10,000 அடி வைக்கும் ஒரு பயணத்தில் நீங்கள் வீணாகத் தூக்குவது மொத்தம் 2,000 கிலோ! ஆகவே சுவாமிமலைக்கு இமயமலைக் காலணி தேவையில்லை. காலணி வாங்க மாலையில் போங்கள். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் காலுறையையே அணிந்து போங்கள். கடையில் சாய்பலகை இருந்தால் அதன்மேல் இறங்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் படிக்கட்டில். விரல்கள் முன்னே போய் இடித்தால் வேறு அளவு எடுங்கள். ஏறும்போது எந்தக் காலணியும் நல்ல காலணிதான். இறங்கும்போதுதான் நகம் கறுக்கும்.

அந்தப் பெரியவரின் டயர் செருப்பைப் பற்றி மாணவர்கள் விடவில்லை. திருப்பத்தூர்ச் சந்தையில் ஒரு சோடி தேடி வாங்கி வந்து, ஆய்வுக்கூடத்தில் கருங்கல் பலகைமேல் ஏற்றினார்கள். டயர் ரப்பரில் கலக்கும் கரித்தூள் தேய்மானத்தைப் பெரிதும் தடுக்கிறது. அது உழைப்பதில் வியப்பில்லை. உலர்ந்த கல்லில் நன்றாகவே நின்றது. மணல் தூவியபோது மற்றவற்றைப் போலவே சறுக்கியது. விரல்களுக்குக் காப்பு இல்லை என்று நான் குறை சொன்னேன்.

"அவர் காலைப் பார்த்தீங்களா, சார்? அதுக்குக் காப்பே வேண்டாம்" என்றார் என் தோள்பையைப் பிடித்து இழுத்த மாணவர்.