டிக்ரி கையில், சொத்து யார் கையில்?

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 13-இல் தீர்ப்புச் சொன்னது. 25 ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்வதும் அதில் அடக்கம். அரச குடும்பம் 1965-இல் அமைத்த டிரஸ்ட், தங்களுக்கு அதில் விலக்கு வேண்டும் என்றது. அதெல்லாம் கிடையாது என்று 2021 செப்டம்பர் 22-இல் நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அங்கேயே இப்படி என்றால், குடும்ப டிரஸ்டில் பயன்பெற வேண்டியவர் பாடு?

ஒரு பேச்சுக்கு, கரமனையில் ஒரு பாட்டி. மகள் வயிற்றுப் பேத்திகளின் படிப்புக்கென்று வீட்டை டிரஸ்டாக எழுதிவைத்து, மகனை டிரஸ்டி ஆக்கினாள். மாமா வீட்டை விற்று, கைப்பணமும் கொஞ்சம் சேர்த்து, சாலைக் கம்போளத்தில் கடை வாங்கிவிட்டார். பேத்திகள் வழக்குப் போட்டு ஜெயித்தும் விட்டார்கள். இனி?

கைகொடுப்பது 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம். (கோயில், தர்ம டிரஸ்டுகளுக்கு இது பொருந்தாது, பொது டிரஸ்ட் என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு.) விஷயம் தெரியாமல் நியாயமாகக் காசு கொடுத்து வீட்டை வாங்கியவர் தப்பிவிடுவார். மாமாவின் கடை தப்பாது. வீடு கடையாக மாறினாலும் விடாமல் தொடரலாம் என்கிறது 63-ஆம் பிரிவு. டிரஸ்டி தன் பணத்தோடு கலந்துவிட்டால், சேர வேண்டிய தொகைக்கு மொத்தத்தின் மேலும் உரிமை உண்டு என்கிறது 66. வக்கீல்கள் இதை ‘சார்ஜ்’ என்பார்கள்: கடன் ஆளை விட்டுச் சொத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இதை வழக்கு மனுவிலேயே கேட்டு, கடையின் சர்வே எண்ணோடு டிக்ரியில் எழுதி வாங்கிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெறும் பண டிக்ரி என்றால் முதலில் ஜப்தி. ஜப்தி சொத்தை விற்க விடாது, அவ்வளவுதான். மாமாவின் மற்ற கடன்காரர்களை முந்திக்கொள்ள அது உதவாது.

பிறகு வஞ்சியூர் கோர்ட்டில் நிறைவேற்று மனு. டிக்ரிக்கு ஆயுள் 12 ஆண்டு. ஆனால் 2 ஆண்டு தாண்டினால் மாமாவுக்கு முதலில் நோட்டீஸ் போக வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதென்னவோ உண்மை. 2025 அக்டோபரில் நாடு முழுக்கத் தேங்கிக் கிடந்தவை 8.82 லட்சம் மனுக்கள்.

பேத்திகளின் முறை வரும் நாளில், அமீனா கடை ஷட்டரில் ஏல அறிவிப்பை ஒட்டுவார். தண்டோரா போட்டும் அறிவிக்கலாம் என்று சட்டத்தில் இன்னும் இருக்கிறது.