தூண்டில் உலகம் – 9: 63 முறை பிடிபட்ட மீன்

பென்சன் செத்துப்போன செய்தி 2009 ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிரிட்டனின் பெரிய நாளிதழ்களில் வந்தது. நார்த்தாம்ப்டன்ஷயரில் நீன் ஆற்றை ஒட்டி இருக்கிறது புளூபெல் லேக்ஸ். அங்குள்ள ஏரிகளில் ஒன்றான கிங்ஃபிஷரில் அந்தப் பெண் கெண்டை செத்து மிதந்தது. வயது சுமார் 25. உச்சத்தில் அதன் எடை 64 பவுண்டு, நம் கணக்கில் 29 கிலோ. முதுகுத் துடுப்பில் சிகரெட்டால் சுட்டதுபோல ஓர் ஓட்டை இருந்ததால், அங்கே பேர்போன பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் சிகரெட்டின் பெயரை வைத்துவிட்டார்கள். ஹெட்ஜஸ் என்று ஒரு ஜோடியும் இருந்தது. 1998 வெள்ளத்தில் அது ஆற்றுப் பக்கம் போனதுதான், திரும்பவில்லை.

13 ஆண்டுகளில் பென்சன் 63 முறை தூண்டிலில் மாட்டியதாகக் கணக்கு. ஒவ்வொரு முறையும் எடை போட்டார்கள், படம் எடுத்தார்கள், தண்ணீரில் விட்டார்கள். அதன் மதிப்பு 20,000 பவுண்டு என்று அப்போது பேசப்பட்டது. கறியாகத் தராசில் வைத்திருந்தால் அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறியிருக்காது. அந்த விலையெல்லாம் உயிரோடு, அதே ஏரியில், நாளைக்கு வரப்போகிறவருக்காக அது காத்திருக்கும்வரைதான்.

சென்ற வாரம் பார்த்த ஸ்காட்லாந்து சால்மன் ஆறுகளின் கதை வேறு. சால்மனும் டிரவுட்டும் நிலக்கிழார்களின் மீன்கள்; ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை ஆற்றங்கரை நிலத்தோடு ஒட்டாத தனிச் சொத்து. மற்ற நன்னீர் மீன்களான ரோச், பிரீம், டெஞ்ச், பெர்ச், பைக், கெண்டை எல்லாம் ‘கோர்ஸ் ஃபிஷ்’ என்ற ஒரே கூடைக்குள் போயின. ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரையில் உட்கார்ந்து பிடித்தது இவற்றைத்தான். இன்று இங்கிலாந்தில் தூண்டில்காரர்களின் பணம் பெரும்பாலும் புரள்வது இந்தக் கூடையில். அதிலும் கெண்டைதான் முதலாளி.

அந்தக் கெண்டைக்கு இத்தனை ஏரிகள் எங்கிருந்து வந்தன? பதில் கட்டுமானத் துறையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடு, விமான ஓடுதளம், நெடுஞ்சாலை என்று நாடு முழுக்க கான்கிரீட் கொட்டினார்கள். அதற்கான மணலையும் சரளையையும் நீன், தேம்ஸ், லீ, கோல்ன் ஆற்றுப் படுகைகளை ஒட்டிய வயல்களில் தோண்டினார்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டியதால், எந்திரங்கள் போனதும் பள்ளங்கள் தாமாகவே நிரம்பின. ஒரே இடத்தில் நாலு, ஐந்து, பத்துக் குளங்கள். நடுவே தோண்டாமல் விட்ட வரப்புகளே நடைபாதை. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லீனியர் ஃபிஷரீஸும் இப்படிப் பிறந்ததுதான். காசு கட்டித் தூண்டில் போடும் இத்தகைய ஏரித் தொகுப்பைத்தான் அங்கே ‘ஃபிஷரி’ என்கிறார்கள்.

ஏரிகள் பலவாக இருப்பதில் நல்ல வியாபாரக் கணக்கு உண்டு. ஒன்றில் சிறு கெண்டையும் ரோச்சும் டெஞ்சும் நெருக்கமாக விடப்பட்டிருக்கும். பிள்ளைகளோடு வரும் குடும்பம், ஒரு தக்கையும் கொஞ்சம் புழுவும் இருந்தால், மதியத்துக்குள் ஒரு டஜன் மீனாவது பார்த்துவிடும். இன்னொன்று போட்டிக்கான ஏரி. கரையில் எண்ணிட்ட இடங்கள் இருக்கும். காலையில் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த எண் என்று முடிவாகும். 16 மீட்டர் வரை நீளும் கார்பன் ஃபைபர் கம்பை முழங்கால்மேல் வைத்து, ரீல் இல்லாமல், நுனிக்குள் ஓடும் ரப்பர் இழையை நம்பி மீனை இழுப்பார்கள். நேரம் முடிந்ததும் மொத்த எடைதான் வெற்றியைச் சொல்லும். மூன்றாவது வகை, கிங்ஃபிஷர் போன்ற பெரிய மீன் ஏரி. அங்கே மீன்கள் குறைவு, தண்ணீர் பரந்தது, கட்டணம் கூட. வருகிறவர் கூடாரம், கட்டில், அடுப்பு சகிதம் வந்து இரண்டு மூன்று நாள் கரையிலேயே குடித்தனம் நடத்துவார். ஒரு மீனும் மாட்டாமல் திரும்புவது அங்கே சாதாரணம்.

ஏரித் தொகுப்பு யாருடையதாக இருந்தாலும், 13 வயது நிரம்பியவர்கள் அரசின் சுற்றுச்சூழல் முகமையிடம் தூண்டில் உரிமம் வாங்கித்தான் ஆகவேண்டும். மூன்றாவது தூண்டில் போட அதிகக் கட்டணம்.

கெண்டையை ஏமாற்றுவது அவ்வளவு லேசில்லை. அதன் தாடையில் பல் கிடையாது. அரைக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. வாயைக் குழாய்போல நீட்டி அடிமண்ணோடு இரையை உறிஞ்சும், வாய்க்குள்ளேயே சோதிக்கும், பிடிக்காததை ஊதித் தள்ளும். இரைக்குள் முள்ளை மறைத்து வைத்த காலத்தில் அது இரையை வாயில் வாங்கி, இரும்பை உணர்ந்து, வெளியே துப்பிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கரையில் இருந்தவருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

1980-ஐ ஒட்டி லென்னி மிடில்டன், கெவின் மேடாக்ஸ் என்ற இருவர் தொட்டி மீன்களைக் கவனித்து இதற்கு வழி கண்டார்கள். முள்ளை வெறுமையாக விட்டு, அதன் அடியில் ஒரு தலைமுடியைக் கட்டி, முடியின் நுனியில் இரையைக் கோத்தார்கள். முதலில் பயன்பட்டது நிஜமான மனிதத் தலைமுடி. இன்று அதன் இடத்தில் மெல்லிய பின்னல் நூல் வந்துவிட்டது. பெயர் மட்டும் ‘ஹேர் ரிக்’ என்றே நிற்கிறது.

கையில் வாங்கிப் பார்த்தால் அது உள்ளங்கைக்குள் அடங்கும் ஏற்பாடு. கோலிக்குண்டு அளவு ‘பாய்லி’ உருண்டை ஒன்று. முட்டை, மாவு, மீன்தூள் பிசைந்து உருட்டிக் கொதிநீரில் வேகவைத்தது, மேல்தோல் கெட்டியாக இருப்பதால் சின்ன மீன்கள் கொத்தித் தின்ன முடியாது. நடுவில் ஊசியால் துளைத்து நூலை இழுத்து, வெளியே வந்த கண்ணியில் ஒரு பிளாஸ்டிக் துணுக்கைச் செருகினால் உருண்டை நழுவாது. உருண்டைக்கும் முள்ளின் வளைவுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. தூண்டில் நரம்பில் சற்று மேலே எண்பது, தொண்ணூறு கிராம் ஈயக் குண்டு. கெண்டை உருண்டையை உறிஞ்சும்போது லேசான முள்ளும் பின்னாலேயே உள்ளே போகும். ஊதித் தள்ளும்போது உருண்டை முதலில் வெளியே வரும். முள் திரும்பிக் கீழுதட்டில் குத்தும். மிரண்டு பாய்ந்தால் ஈயத்தின் பாரம் முள்ளை ஆழமாக இறக்கிவிடும். தூண்டில்காரர் அந்நேரம் கூடாரத்துக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கலாம். நரம்பு ஓடத் தொடங்கியதும் கம்பைத் தாங்கியிருக்கும் மின் அலாரம் வீறிட்டு அவரை எழுப்பும்.

இவ்வளவு சுலபமாக மாட்டும் வித்தை கையில் வந்த பிறகு, மீனைக் காப்பாற்றச் சட்டதிட்டம் வேண்டாமா? ஒவ்வொரு ஏரித் தொகுப்பின் நுழைவாயிலிலும் அந்தப் பட்டியல் தொங்குகிறது. எதிர்முள் இல்லாத தூண்டில்முள் மட்டும் என்பது பல இடங்களில் விதி. பெரிய கைவலை கட்டாயம். பிடித்த மீனைத் தரையில் வைக்கக்கூடாது. தண்ணீர் ஊற்றி நனைத்த மெத்தையில்தான் கிடத்த வேண்டும், இல்லாவிட்டால் உடம்பின் வழவழப்புப் பூச்சு போய்விடும். எடை போடும் பையை முன்கூட்டியே நனைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து தயாராக வைக்க வேண்டும். படம் எடுக்கும்போது நின்றுகொண்டு தூக்கக்கூடாது. மண்டியிட்டு, மெத்தைக்கு நேர் மேலே தாழ்வாகப் பிடிக்க வேண்டும். உதட்டுக் காயத்துக்குக் கிருமிநாசினி தடவி, வலையிலேயே தண்ணீருக்குள் இறக்கி, தானாக நீந்திப் போகும்வரை பிடித்திருக்க வேண்டும்.

இரைக்கும் தடை உண்டு. நிலக்கடலை பல இடங்களில் அறவே கூடாது. கோரை இனத்துச் செடியின் கிழங்கான டைகர் நட்ஸை ஒரு நாள் ஊறவைத்து, அரை மணி நேரமாவது வேகவைத்த பிறகே போடலாம். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. வேகாத கிழங்கு உள்ளே போய் ஊதினால் ஆபத்து. பென்சன் செத்தபோது கரையில் வேகாத டைகர் நட்ஸ் கிடந்ததைக் கண்டதால்தான் சந்தேகம் அதன்மேல் விழுந்தது.

கெண்டை இங்கிலாந்தின் சொந்த மீன் அல்ல. இடைக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து உணவுக்காக வந்தது. தின்னும் மீன் விட்டுவிடும் மீனாக மாறியதில் ரிச்சர்ட் வாக்கர் என்ற பொறியாளருக்குப் பெரிய பங்கு உண்டு. ஹெர்ஃபோர்டுஷயரில் மூன்று ஏக்கர்கூடத் தேறாத ரெட்மயர் குளத்தில் 1934-ல் ஐம்பது கெண்டைக் குஞ்சுகளை விட்டிருந்தார்கள். 1952 செப்டம்பர் 13 விடியுமுன் அவற்றில் ஒன்று வாக்கரின் தூண்டிலில் சிக்கியது. எடை 44 பவுண்டு, ஏறக்குறைய 20 கிலோ. அவர் அதைக் கொல்லவில்லை. லண்டன் உயிரியல் பூங்காவுக்குத் தகவல் சொன்னார். அவர்கள் வந்து உயிரோடு கொண்டுபோனார்கள். கிளாரிசா என்ற பெயரில் அந்த மீன் 1971 வரை அங்கே கண்ணாடித் தொட்டிக்குள் வாழ்ந்தது, மக்கள் வரிசையில் நின்று பார்த்துப் போனார்கள். பெரிய கெண்டையைத் தூண்டிலால் பிடிக்கவே முடியாது என்று அதுவரை நம்பியிருந்த ஒரு தலைமுறை, அந்தத் தொட்டி முன்னால் நின்று மனம் மாறியது. அதே ரெட்மயரில் 1980-ல் கிறிஸ் யேட்ஸ் பிடித்த மீன் 51½ பவுண்டு.

இதே இனத்தின் ஒரு கிளை நம் பக்கமும் வந்திருக்கிறது. செதில்கள் குறைந்த கண்ணாடிக் கெண்டையை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டார்கள். இங்கே அது உணவு மீன் வளர்ப்புத் திட்டங்களுக்குள் நுழைந்து சந்தைக்குப் போய்விட்டது. இங்கிலாந்திலோ போலந்திலிருந்து குடியேறியவர்கள் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கெண்டையைத் தேட, உள்ளூர்த் தூண்டில்காரர்கள் முகம் சுளிக்க, சில ஏரிக்கரைகளில் போலிஷ் மொழியிலும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டியதாயிற்று.

மனிதர்களைப் பலகையால் தடுக்கலாம். நீர்நாயை? பூச்சிக்கொல்லிகளால் அருகிப்போயிருந்த நீர்நாய்கள், சட்டப் பாதுகாப்புக் கிடைத்த பிறகு திரும்பிவந்தன. 2011-ல் இங்கிலாந்தின் எல்லாக் கவுன்டிகளிலும் அவை இருப்பதாக அரசு அறிவித்தது. ஓர் இரவில் முப்பது வருட மீனைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். அதைத் தொடவும் முடியாது. ஏரியைச் சுற்றி, அடிப்பகுதியை மண்ணில் புதைத்து வேலி போடுவது ஒன்றே வழி. வேலிக்கும் அடங்காதது கெண்டைகளைத் தாக்கும் கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ். தண்ணீர் 16 டிகிரியைத் தாண்டினால் வீரியம் கொள்ளும் அந்த நோய், ஈரமான வலையில் ஒட்டிக்கொண்டு ஏரி விட்டு ஏரி போகக்கூடும். வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்து வருகிறவர்களின் வலையை முக்கச் சொல்வது அதனால்தான்.

இத்தனை செலவழித்து வளர்க்கும் மீன் எதுவரை ‘இயற்கை’ என்ற வழக்கும் எழுந்தது. 2016 ஜனவரியில் பெர்க்‌ஷயரின் வாசிங் ஏரியில் பிடிபட்ட ‘பேரட்’ என்ற கெண்டை 68 பவுண்டு 1 அவுன்ஸ் எடையோடு பிரிட்டன் சாதனையானது. அதே ஆண்டு ஷ்ராப்ஷயரில் ‘பிக் ரிக்’ என்ற இன்னொரு கெண்டை 70 பவுண்டைத் தாண்டியது. பண்ணையில் கொழுக்க வளர்த்து, பெரிதான பிறகு ஏரியில் இறக்கிய மீன் அது என்று எதிர்ப்புக் கிளம்பியது. சாதனைக் குழு அந்த மீனைச் சாதனையாக ஏற்கவில்லை. ஏரிக்காரர்கள் தரப்பிலும் ஒரு கேள்வி இருக்கிறது: தூண்டில்காரர்கள் கொட்டும் பாய்லியைத் தின்றே பருத்த மற்ற மீன்கள் மட்டும் எந்த வகையில் சேர்த்தி?

கெண்டை ஏரிகள் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கலாம். ஆனால் இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன்களுக்குத் தூண்டில் போடக்கூடாது. அந்த விதியின் வேர் 1878-ல் இருக்கிறது. ஷெஃபீல்டின் எம்.பி. முண்டெல்லா அந்தச் சட்டத்தை ஏன் கொண்டுவந்தார், அந்த நகரத்துத் தொழிலாளிகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)