கம்ப்யூட்டரை மயங்க வைக்கும் அலங்கார விளக்கு!

கேபினெட்டின் கண்ணாடி வழியாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி விளக்கு எரிகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால், திடீர் திடீரென்று கம்ப்யூட்டர் நின்று போகிறது!

கடைக்குத் தூக்கிக் கொண்டு போனால், "போர்டு போய் விட்டது. மாற்ற வேண்டும்" என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு. மாற்றிய பிறகும் அதே கதை.

குற்றவாளி யார்?

சில சமயங்களில், அந்த அலங்கார விளக்குதான்!

சேலம், நாமக்கல் பக்கத்தில் கம்ப்யூட்டர் இல்லாத தொழில் இன்று குறைவு. கோழிப்பண்ணையின் முட்டைக் கணக்கும் தீவனக் கணக்கும் அதில் இருக்கின்றன. லாரி ஆபீசின் பில் அதில் இருக்கிறது. விசைத்தறிக்காரரின் வரவு செலவும் அதில்தான்.

பையன் ஆசைப்பட்டு வாங்கிய விளையாட்டுக் கம்ப்யூட்டரிலேயே அப்பா பண்ணைக் கணக்கையும் வைத்திருப்பார். அது படுத்து விட்டால், ஒரு குடும்பத்தின் கணக்கே படுத்து விடும்.

ஆகவே, இந்தக் கோளாறைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

லாரியைப் பாருங்கள்

நாமக்கல் லாரிகளை எல்லோருக்கும் தெரியும். லாரி வாங்கியதும் நெற்றியில் ஒரு வரிசை விளக்கு, பக்கவாட்டில் ஒரு வரிசை விளக்கு என்று சிலர் அலங்காரம் செய்வார்கள்.

அந்த விளக்குகளுக்குத் தனி வயர் போட்டால் தொல்லை இல்லை. ஹாரனுக்குப் போகிற வயரிலேயே ஒட்டுப் போட்டால் என்ன ஆகும்? பியூஸ் எரிந்து போகும். ஹாரனும் அடிக்காது, விளக்கும் எரியாது.

கம்ப்யூட்டரில் நடப்பதும் ஏறத்தாழ இதே கதைதான்.

விளக்கு எப்படி நிறம் மாறுகிறது?

ஒவ்வொரு சிறு விளக்கிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்.இ.டி.க்கள் இருக்கின்றன. மூன்றின் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைத்தால் மற்ற நிறங்கள் வந்து விடும். மூன்றும் முழுதாக எரிந்தால் வெள்ளை.

ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் உண்டு. மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் நிறங்கள் கிடைக்கும்!

இதில் நீல எல்.இ.டி.தான் கடைசியாக வசப்பட்டது. அதைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு, தவறாகப் பூட்டினால் தலைவலியாகி விடுகிறது.

முதல் காரணம்: தாங்காத பாரம்

மதர் போர்டில் விளக்குக்கென்று சிறு முள் சொருகிகள் இருக்கின்றன. பெரும்பாலான போர்டுகளில் ஒரு சொருகி 3 ஆம்பியர் வரைதான் தாங்கும்.

பெரும்பாலும் விற்கிற விளக்கு நாடாவில் ஒரு மீட்டருக்கு 60 விளக்குகள் இருக்கும். முழு வெளிச்சத்தில் வெள்ளையாக எரிந்தால், ஒரு விளக்கு சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும்.

60-ஐ 60-ஆல் பெருக்குங்கள். 3,600 மில்லி ஆம்பியர். அதாவது 3.6 ஆம்பியர்!

3 ஆம்பியர் தாங்கும் இடத்தில் 3.6 ஆம்பியர் இழுத்தால் என்ன ஆகும்? சொருகி சூடேறும். மின்அழுத்தம் தாழும். கம்ப்யூட்டர் தடுமாறும்.

விளக்கு வெள்ளையாக மாறும்போது மட்டும் கம்ப்யூட்டர் நிற்கிறதா? இந்தக் காரணத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம்: மாறிப்போன சொருகல்

விளக்குச் சொருகி இரண்டு வகை. ஒன்றில் 3 முள். அது 5 வோல்ட். மற்றதில் 4 முள். அது 12 வோல்ட்.

5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் சொருகியில் அழுத்திச் சொருகினால் விளக்கு கருகி விடும். போர்டுக்கும் ஆபத்து வரலாம்.

நாடாவைக் கத்தரித்த முனையிலும் கவனம் வேண்டும். அந்தச் செம்பு முனை கேபினெட்டின் இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகும். உடனே எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக் கொள்ள மின்சாரத்தை நிறுத்தி விடும்.

"திடீரென்று அணைந்து விட்டது" என்று வீட்டார் சொல்வது இதுவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது காரணம்: ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர்!

வயரில் ஒரு தவறும் இருக்காது. இருந்தும் கம்ப்யூட்டர் நிற்கும். இதுதான் பலருக்கும் புரியாத புதிர்.

விளக்கின் நிறத்தை மாற்ற ஒரு புரோகிராம் வேண்டும். மதர் போர்டு கம்பெனி ஒன்று தருகிறது. மெமரி கம்பெனி இன்னொன்று தருகிறது. விசிறிக் கம்பெனி மூன்றாவது ஒன்றைத் தருகிறது. பையன் மூன்றையும் ஏற்றி விடுகிறான்.

ஒவ்வொரு புரோகிராமும் உள்ளே போய் வேலை செய்ய ஒரு துணைப் புரோகிராமை வைத்திருக்கிறது. அதற்குப் பெயரும் 'டிரைவர்'தான்!

ஒரு லாரியின் ஸ்டீயரிங்கை இரண்டு டிரைவர்கள் பிடித்து இழுத்தால் லாரி எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான் போகும். கம்ப்யூட்டரும் அப்படியே விழுகிறது. திரையில் நீல நிறத்தில் ஓர் அறிவிப்பு வரும். விண்டோஸ் 11-ல் 2025 முதல் அது கறுப்பு நிறமாகி விட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மெமரி பலகையில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. "நான் இவ்வளவு பெரியவன், இவ்வளவு வேகமானவன்" என்று தன் ஜாதகத்தை அதில் எழுதி வைத்திருக்கும். கம்ப்யூட்டர் எழும்போது அந்த ஜாதகத்தைத்தான் முதலில் படிக்கும்.

விளக்கு வைத்த மெமரியில், விளக்குக்குப் போகும் கட்டளையும் அதே வழியில்தான் போகிறது. இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் அந்த வழியில் நுழைந்தால் ஜாதகமே அழிந்து விடலாம். 2017-ல் இப்படிச் சில மெமரிப் பலகைகள் கெட்டுப் போனதாகப் புகார்கள் எழுந்தன.

திருடனுக்கும் கதவு திறக்கும்

நிற்பது மட்டும் கவலை அல்ல.

2018 டிசம்பரில், தைவான் நாட்டின் இரண்டு பெரிய போர்டு கம்பெனிகளின் டிரைவர்களில் ஓட்டைகள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று அலங்கார விளக்குக்கான புரோகிராமோடு வந்தது.

மற்றொரு கம்பெனியின் பழைய டிரைவரை, கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் ஒன்று பயன்படுத்தியது. 2020-ல் 'சோபோஸ்' என்ற பாதுகாப்புக் கம்பெனி இதைக் கண்டு சொன்னது.

ஆகவே, வேண்டாத புரோகிராமை வைத்திருப்பது பூட்டாத கொல்லைக் கதவு மாதிரி.

நான்காவது காரணம்: சூடு

விளக்கின் சூடு கொஞ்சம்தான். ஆனால் அலங்காரத்துக்காக முன்பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்த கேபினெட்டில் காற்று நுழைய வழி குறைவு.

சேலத்துக் கோடையில் அறையே அடுப்பாக இருக்கும். தெருப் புழுதியும், தறிக்கூடத்துப் பஞ்சும் விசிறியை அடைத்துக் கொள்ளும். விளையாடும்போது மட்டும் நிற்கிறது, சும்மா இருக்கும்போது நிற்பதில்லை என்றால், சூட்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பாருங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

ஒன்று: முக்கியமான கணக்குகளை முதலில் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டு: ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எத்தனை மணிக்கு நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது, விளக்கு என்ன நிறம் என்று எழுதுங்கள். விண்டோசின் 'ஈவென்ட் வியூவர்' பகுதியில் 41 என்ற எண் இருந்தால், ஒழுங்காக மூடாமல் நின்றது என்று மட்டுமே பொருள். பெரும்பாலும் காரணம் அதில் இராது.

மூன்று: விளக்குப் புரோகிராம்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். விளக்கைத் தொட வேண்டாம். மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லையா? குற்றவாளி புரோகிராம்தான். பிறகு ஒன்றை மட்டும் ஏற்றுங்கள். அதுவும் கம்பெனியின் புதிய பதிப்பாக இருக்கட்டும்.

நான்கு: அப்படியும் நிற்கிறதா? மின்சாரத்தை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொடுங்கள். உடம்பில் உள்ள நிலை மின்சாரம் இறங்கி விடும். பிறகு விளக்கு நாடாவின் சொருகியைக் கழற்றுங்கள். இன்னும் மூன்று நாள் ஓட்டுங்கள். சரியாகி விட்டதா? குற்றவாளி வயரும் பாரமும்தான்.

ஐந்து: விளக்கு வேண்டுமானால், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் தனிப் பெட்டி ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தாலும் பாரம் குறையும்.

ஆறு: விளக்கைக் கழற்றியும் நின்றால், விளக்கு நிரபராதி. விண்டோசிலேயே இருக்கும் மெமரி சோதனையை ஓட்டுங்கள். பிறகு தூசி, விசிறி, எஸ்.எம்.பி.எஸ். என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது சரி செய்தது என்று தெரியாமல் போகும்.

புரோகிராம் இல்லாமலே விளக்கு

நிறம் மாற்றப் புரோகிராம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில கேபினெட்டுகளில் அதற்கென்றே பொத்தான் இருக்கிறது. சில போர்டுகளில், கம்ப்யூட்டர் எழும்போது வரும் 'பயாஸ்' திரையிலேயே நிறத்தை மாற்றலாம்.

விண்டோஸ் 11-ல் 'டைனமிக் லைட்டிங்' என்ற வசதி 2023-ல் சேர்க்கப்பட்டது. அதற்கு இசைகிற விளக்குகளை வேறு புரோகிராம் இல்லாமலே இயக்கலாம்.

கடைக்குப் போவதற்கு முன்பு இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். ஒரு ஸ்குரு டிரைவரும், ஒரு நோட்டும், ஒரு வாரப் பொறுமையும் போதும்.

பிறகும் கடைக்குப் போக நேர்ந்தால், அந்த நோட்டைக் கையில் கொண்டு போங்கள். "எது போய் விட்டது?" என்று கேட்கிற ஆளை விட, "இதையெல்லாம் பார்த்து விட்டேன்" என்று சொல்கிற ஆளிடம் யாரும் எளிதில் புதுப் போர்டை விற்க முடியாது!