மஞ்சட் கருவின் பொருளும் பயனும்

முட்டையின் நடுவிலுள்ள பகுதியை 'மஞ்சட் கரு' என்று வழங்குவதால், அதுவே குஞ்சாக மாறுகிறது என்னும் எண்ணம் பலரிடம் நிலவுகிறது. அதனால் குழந்தைகளுக்கு வெண்கருவை மட்டும் ஊட்டி, மஞ்சளை ஒதுக்கி விடுவோரும் உளர். ஒரு சொல்லைத் தவறாகப் பொருள் கொள்வதால் விளையும் நஷ்டம் இது.

உண்மையில் குஞ்சு உருவாகும் இடம், மஞ்சளின் மேற்புறத்தில் காணப்படும் சிறு வெண்புள்ளியேயாகும். மஞ்சள் என்பது அக்குஞ்சுக்கெனத் தாய்க்கோழி சேமித்து வைக்கும் உணவு. சேவலுடன் சேராத கோழியும் முட்டையிடும். ஆனால் அம்முட்டையில் குஞ்சு உண்டாவதில்லை. கடைகளுக்கு வரும் பண்ணை முட்டைகள் பெரும்பாலும் இத்தகையனவே.

அடைகாக்கும் 21 நாட்களில் குஞ்சு இச்சேமிப்பைக் கொண்டே வளர்கிறது. எஞ்சியதைப் பொரிப்பதற்குச் சற்று முன்னர்த் தன் வயிற்றினுள் இழுத்துக்கொள்கிறது. ஆகவேதான் ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியிலடைத்து வெளியூர்களுக்கு அனுப்ப முடிகிறது. இரண்டொரு நாள் அவை தீவனமின்றி உயிர் தாங்கும். எனினும், அதை நம்பி அங்கத்தினர்கள் காலந்தாழ்த்தலாகாது. பெட்டி வந்து சேர்ந்தவுடன் நீரும் தீவனமும் வைத்தல் வேண்டும். தாமதம் நேரின் குஞ்சுகள் மெலியும். சங்கத்தில் பெற்ற கடனுக்கும் பங்கம் வரும்.

ஓட்டை நீக்கிய முட்டையின் எடையில் மஞ்சள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆயினும் கொழுப்பு, இரும்புச் சத்து, ஏ, டி வைட்டமின்கள் ஆகியவை அநேகமாக முழுவதும் அதிலேயே அடங்கியுள்ளன. புரதத்திலும் ஐந்தில் இரண்டு பங்கு அதில் உண்டு. மஞ்சளை எறிந்துவிட்டு முட்டை உண்பது, நெல்லைக் குத்தித் தவிட்டை வைத்துக்கொண்டு அரிசியை எறிவதற்கு ஒப்பாகும். ஒரு மஞ்சளில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருப்பதால், இருதய நோயும் நீரிழிவும் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரின் யோசனைப்படி நடப்பது நலம்.

நிறத்தைக் கண்டும் மயங்க வேண்டியதில்லை. மக்காச்சோளமும் பசுந்தழையும் தின்னும் கோழியின் மஞ்சள் அடர்ந்த நிறம் பெறும். வெளிறிய தானியம் தின்பதன் மஞ்சள் வெளிறியிருக்கும். தீவனத்தில் செண்டுமல்லிப்பூச் சாறு கலந்தும் நிறத்தைக் கூட்டலாம். எனவே நிறம் ஒன்றையே கருதி அதிக விலை கொடுப்பது வீண். முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றினால், புதிய முட்டையின் மஞ்சள் குவிந்து நிற்கும். பழையது தட்டையாகப் பரவும். நாம் பார்க்க வேண்டுவது இதுவே.

எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் லெசித்தின் என்னும் பொருளும் மஞ்சளில் உண்டு. ஐரோப்பிய ஓவியர்கள் முற்காலத்தில் வண்ணப் பொடியை இதில் குழைத்துத் தீட்டினர். கையுறைக்கான மென்தோல் பதனிடுவோரும் படிகாரத்துடன் இதைச் சேர்த்தனர்.

மஞ்சள் உயிரன்று, உயிர்க்கு வைத்த சேமிப்பு. சேமிப்பின் அருமையறிந்த நம் அங்கத்தினர்கள், இனித் தம் குழந்தைகளின் தட்டிலிருந்து அதை ஒதுக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.