கதவருகே நின்று கேட்கும் கேள்வி

சர்க்கரை அளவு, மாத்திரை, சாப்பாடு என்று எல்லாம் பேசி முடித்து, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, கதவில் கைவைத்த பிறகுதான் "டாக்டர், இன்னொண்ணு கேக்கணும்..." என்று இழுப்பார் ஆண் நோயாளி. பெண்கள் பெரும்பாலும் அதைக்கூடக் கேட்பதில்லை. தாம்பத்தியக் குறைபாட்டை மானம் சம்பந்தப்பட்டதாக நினைப்பதால் வரும் தயக்கம் இது. உண்மையில் அந்தக் குறைபாடு காரணம் கண்டுபிடிக்கக்கூடிய, பெரும்பாலும் சரிசெய்துவிடக்கூடிய உடல்நலக் குறை. களைப்பிலோ கவலையிலோ ஒருநாள் முடியாமல் போவது நோயல்ல. மாதக்கணக்கில் தொடர்ந்து, மனத்தையும் வருத்தினால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

விறைப்பு குறைந்தால் இதயத்தையும் பாருங்கள்

விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை. ஆசை எழுந்ததும் நரம்பு நுனிகளிலும் ரத்தக்குழாயின் உட்சுவரிலும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. அதனால் தசை தளர்ந்து, குழாய் விரிந்து, ரத்தம் நிறைகிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை நான்கும் கெடுப்பது இந்த உட்சுவரைத்தான். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். குறுகலானது முதலில் அடைபடும். ஆகவே நாற்பதைத் தாண்டியவருக்கு விறைப்பு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால், அது சில ஆண்டுகள் கழித்து வரவிருக்கும் மாரடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் உடனே பரிசோதிக்க வேண்டும்.

விடியற்காலையில் விறைப்பு இயல்பாக இருந்து, உறவின்போது மட்டும் தவறினால் மனக்காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை தவறியதும் 'இன்றைக்கும் இப்படியாகுமோ' என்ற பயம் வரும். அந்தப் பயமே அடுத்த முறையும் தவற வைக்கும்.

விந்து முந்துதலும் ஆண்களிடம் மிகச் சாதாரணம். தொடக்கம் முதலே ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது ஒரு வகை, நன்றாக இருந்தவருக்கு நடுவில் வருவது இன்னொரு வகை. இரண்டுக்கும் பயிற்சியும் மருந்தும் உண்டு. ஆசையே குறைந்துபோனால் டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின் அளவுகளோடு மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கைப்பழக்கம் பற்றிய பயம்

இளைஞர்களை வாட்டுவது பெரும்பாலும் நோயல்ல, பயம். கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வரும், சொப்பன ஸ்கலிதத்தால் உடம்பு உருகிவிடும் என்று லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்கள் இன்றும் பயமுறுத்திக் காசு பறிக்கிறார்கள். விந்து போவதால் பலம் போவதில்லை. இந்தப் பயத்தால் சோர்ந்துபோகும் நிலைக்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று 1960இல் பெயரிட்டவர் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக். பயம் தெளிந்தால் பலருக்குக் குறையும் தீர்ந்துவிடுகிறது.

பெண்ணின் வலியை யார் கேட்கிறார்கள்?

கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் குழந்தை இல்லையென்று கருத்தரிப்பு மையத்துக்கு வரும் தம்பதிகளில் சிலருக்கு உறவே நடந்திருக்காது. மருத்துவர் தனியே கூப்பிட்டு நிதானமாகக் கேட்கும்போதுதான் அந்தப் பெண் வாய் திறப்பாள். நெருங்கும்போதே தொடைகள் இறுகிக்கொள்ளும். பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் அவள் விருப்பமின்றித் தாமாகச் சுருங்கும். இதற்கு வஜினிஸ்மஸ் என்று பெயர். 'பிடிக்காம நடிக்கிறா' என்று வீட்டில் பேசுவது கொடுமை. அந்தச் சுருக்கம் அவள் கட்டுப்பாட்டில் இல்லை. தசையைத் தளர்த்தும் பயிற்சி, சிறிதிலிருந்து பெரிதாக அளவு கூடும் டைலேட்டர்கள், மன ஆலோசனை மூன்றும் சேர்ந்தால் நல்ல பலன் கிடைக்கிறது. கணவர் பொறுமையோடு கூட வர வேண்டும், அவ்வளவுதான்.

தொற்றும், கருப்பையின் உட்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸும்கூட வலி தரும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி வரும். வழவழப்புக்கான ஜெல் எளிய தீர்வு. தேவைப்பட்டால் மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தருவார். ஆசையின்மை, கிளர்ச்சியின்மை, உச்சமின்மை ஆகியவை மற்ற வகைகள். இவற்றுக்குப் பின்னால் தைராய்டோ ரத்தசோகையோ இருக்கலாம். ஓயாத வீட்டுவேலையோ, சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமையோ இருக்கலாம். கிளிட்டோரிஸ் தூண்டப்படாமல் உறவால் மட்டும் உச்சம் அடையாத பெண்கள் ஏராளம். அது நோயே அல்ல. கணவன்மார் இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குறை தீரும் என்பேன்.

மாத்திரைகள் விஷயத்தில் கவனம்

மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் ரத்தக் கொதிப்புக்கான சிலவும் ஆசையையோ விறைப்பையோ குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், சொன்னால் மருத்துவர் மாற்றித் தருவார். ஆண்கள் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரையும் பெண்கள் மகப்பேறு மருத்துவரையும் பார்க்கலாம். மனக்காரணம் என்றால் இருவரும் சேர்ந்தே மனநல மருத்துவரிடம் போகலாம்.

சில்டெனாஃபில், அதாவது வயாகரா, நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட மருந்து. 1998இல் விறைப்புக் குறைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். 'மூலிகை' என்று விற்கும் லேகியங்களிலும் பொடிகளிலும் சில்டெனாஃபிலைக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இவற்றில் எதைச் சாப்பிட்டிருந்தாலும், நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரிக்குப் போனால், எப்போது சாப்பிட்டோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்கும், அதே வகை மருந்தான டடாலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தரக் கூடாது.