முருங்கைச் சாறு என்னும் பயிர் ஊக்கி

வறட்சியில் பயிரின் அடியிலைகள் முதலில் பழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர்ப் பற்றாக்குறை மட்டும் அதற்குக் காரணமில்லை. வேர் நுனிகளில் சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கி சுரந்து, நீரோடு மேலேறி இலைக்குப் போகிறது. செல்களைப் பிரித்துப் பெருக்குவதும், இலை சீக்கிரம் முதிராமல் தடுப்பதும் அதன் வேலை. மண் காய்ந்தாலோ உப்பேறினாலோ அந்த வரத்து குறைகிறது.

பறித்த இலை சில நாளில் மஞ்சளாகிவிடும். 1957-இல் ரிச்மண்ட், லாங் என்ற இரு ஆய்வாளர்கள் மருளூமத்தை இலைகளைப் பறித்து, கைனடின் என்ற சைட்டோகைனின் கரைசலில் வைத்தார்கள். அந்த இலைகள் வெகுநாள் பச்சை மாறாமல் இருந்தன.

இதே சைட்டோகைனின் குடும்பத்தைச் சேர்ந்த சியாட்டின் முருங்கைத் தளிரில் நிறைய இருக்கிறது. கூடவே பொட்டாசியம், கால்சியம், வைட்டமின் சி ஆகியவையும் உண்டு. நிகரகுவாவில் நிக்கோலஸ் ஃபோய்டல் குழுவினர் முருங்கை இலைச் சாற்றைப் பல பயிர்களில் தெளித்துப் பார்த்து, விளைச்சல் கூடியதாக 2001-இல் எழுதினார்கள். பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார் கோதுமையில் இதை ஆராய்ந்தார்கள்.

செய்முறை எளிது. காம்பு முற்றாத இளந்தளிரைப் பறித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து அரைக்க வேண்டும். விழுதை மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்தால் அடர்பச்சைச் சாறு இறங்கும். அதை இன்னொரு முறை வடிகட்டுங்கள். திப்பி தங்கினால் தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொள்ளும். ஒரு பங்கு சாற்றுக்கு முப்பது பங்கு தண்ணீர். பத்து லிட்டர் டேங்குக்கு ஏறத்தாழ 300 மில்லி போதும். வளர்ச்சி ஊக்கி மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்வதால், கெட்டியாக அடித்தால் பலன் கூடிவிடாது.

சாற்றை அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும். வைத்திருந்தால் புளித்து வீரியம் போய்விடும். முளைத்து இரண்டு வாரத்தில் ஒரு தடவை, பூக்கும் முன் ஒரு தடவை, காய் பிடிக்கும்போது ஒரு தடவை என வெயில் தாழ்ந்த மாலையில் இலை நனையத் தெளிக்கலாம்.

தொழுவுரம் இடாத மண்ணுக்கு இந்தச் சாறு ஈடுகட்டாது. பயிருக்குத் தீனி மண்ணிலிருந்துதான் வர வேண்டும். முதல் போகத்திலேயே வயல் முழுக்க அடிக்காதீர்கள். நாலு பாத்திக்குத் தெளித்து, பக்கத்து நாலு பாத்தியை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டின் அறுவடையையும் தனித்தனியே எடைபோட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.