பழைய மோட்டர் வண்டியில் ஆவியாக்கியை மாற்றும் முறை

கோடைக்காலத்தில் மட்பானையில் ஊற்றிவைத்த நீர் குளிர்ந்திருத்தலை யாவரும் அறிவர். பானையின் நுண்டுளைகளினூடே கசியும் நீர் ஆவியாகும்போது, தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் கவர்ந்து செல்கின்றது. திரவமொன்று ஆவியாதற்குக் கொள்ளும் இவ்வெப்பம் மறைவெப்பம் எனப்படும். மோட்டர் வண்டியினுள்ளே குளிர்காற்றை வீசச்செய்யும் பொறியும் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டது. வேற்றுமை யாதெனின், பானையின் நீர் ஆவியாகி வெளியே சென்றொழியும். பொறியிலுள்ள திரவமோ மூடிய குழாயினுள்ளேயே ஆவியாகி, மீண்டும் திரவமாகி, ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். கசிதல் பானைக்கு இயல்பு. பொறிக்கு அதுவே கேடு.

இப்பொறிக்கு இன்றியமையாத உறுப்புக்கள் நான்கு. அமுக்கி, ஒடுக்கி, விரிவு வால்வு, ஆவியாக்கி என்பன அவை. எஞ்சினாற் சுழற்றப்படும் அமுக்கி, வாயுவை நெருக்கி அதன் அமுக்கத்தையும் வெப்பநிலையையும் உயர்த்துகின்றது. வண்டியின் முகப்பில் நிற்கும் ஒடுக்கியில் அவ்வாயு தன் வெப்பத்தை வெளிக்காற்றிற்கு ஈந்து திரவமாகின்றது. அத்திரவம் விரிவு வால்வின் சிறிய வாயிலூடாகச் செல்லும்போது அதன் அமுக்கம் திடீரெனக் குறைகின்றது. குறையவே, அது பட்டறைகளிற் 'கூலிங் கொயில்' என வழங்கும் ஆவியாக்கியினுட் புகுந்து, தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கின்றது. ஆர்-134ஏ என்னும் பாய்பொருள் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகை செல்சியசளவிற் கொதிப்பது. வளிமண்டல அமுக்கத்தின் மும்மடங்களவான அமுக்கத்தில் அது பூச்சியப் பாகையை அடுத்துக் கொதிக்கும். அந்நிலையில் ஒரு கிலோகிராம் திரவம் ஆவியாதற்கு ஏறக்குறைய 200 கிலோயூல் வெப்பம் வேண்டும். அதனை ஈவது, ஆவியாக்கியின் மெல்லிய அலுமினியத் தகடுகளினிடையே விசிறி செலுத்தும் காற்றாகும். வெப்பத்தை இழந்த அக்காற்றே பிரயாணிகள் முகத்திற் குளிர்ந்து வீசுகின்றது.

இப்பொறியைத் தொழிற்சாலையிலிருந்தே பெறத்தக்க வசதியாக முதன்முதல் அளித்தது அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனமாகும். 1940ஆம் ஆண்டுக்குரிய அவ்வண்டிகளில் ஆவியாக்கி பின்னிருக்கைக்குப் பின்னே இருந்தது. அமுக்கியை வேண்டும்போது நிறுத்துதற்குரிய கிளச்சு அதில் இன்மையின், குளிர் வேண்டாத காலத்திற் சுழற்றும் பட்டியையே கழற்றிவிட வேண்டியதாயிற்று. 1954இல் நாஷ் நிறுவனம் உறுப்புக்கள் யாவற்றையும் வண்டியின் முற்பக்கத்திலேயே அமைத்தது. பின்னர் அவ்வமைப்பே பரவ, ஆவியாக்கி டாஷ்போட்டின் பின்னே மறைந்திருக்கும் உறுப்பாயிற்று. கண்ணிற் படாமையால் அது பலராலும் மறக்கப்படுவதும் ஆயிற்று.

மறக்கப்பட்ட உறுப்புக்கு நோய் எவ்வாறு வருகின்றது என்பதை இனி நோக்கலாம். குளிர்ந்த தகடுகளின்மீது காற்றிலுள்ள நீராவி ஒடுங்கி நீராய் வடியும். வண்டியின் கீழே சொட்டும் நீர் இதுவேயாம். இந்நீருடன் புழுதியும் இலைச்சருகும் சேருமாயின் தகடுகளினிடையே சேறு படியும். வடிகுழாயும் அடைபடின் ஆவியாக்கி எந்நேரமும் ஈரத்திலேயே ஊறிக்கிடக்கும். ஆண்டுகள் பல செல்ல, மெல்லிய அலுமினியம் அரிக்கப்பட்டு ஊசித்துளை தோன்றும். உட்செல்லும் காற்றை வடிக்கும் வடிதாள் பழைய வண்டிகள் பலவற்றில் இல்லாமை இந்நோயை வளர்க்கும் காரணங்களுள் ஒன்று.

துளை சிறிதேயாயினும் அதனால் விளையும் தீங்கு பெரிது. அமுக்கியை உயவுநிலையில் வைத்திருக்கும் எண்ணெய் பாய்பொருளுடன் கலந்தே சுற்றிவருகின்றது. பாய்பொருள் குறையின் எண்ணெய் அமுக்கிக்குத் திரும்புதல் தடைப்படும். ஈற்றில் விலைமிக்க அமுக்கியே இறுகி நிற்றலும் கூடும். ஆதலின், கசிவைக் கண்டும் காணாதார் போல ஆண்டுதோறும் பாய்பொருளை மட்டும் நிரப்பிக்கொள்வது சிக்கனமன்று. அது பொத்தற் குடத்தில் நீர் வார்த்தலையே ஒக்கும்.

எனினும், குளிர் குறைந்தவுடனே குற்றத்தை ஆவியாக்கியின்மேற் சுமத்துதலுந் தவறு. குழாய் இணைப்புக்கள், அமுக்கியின் அச்சாணி முத்திரை, கல்லடி படும் ஒடுக்கி ஆகியவற்றிலும் கசிவு உண்டாகலாம். இவை எளிதில் எட்டத்தக்கன. ஆதலின் முதலிற் சோதிக்கத்தக்கனவும் இவையே. கசிந்த இடத்தில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். புறவூதா ஒளியில் ஒளிரும் சாயமொன்றைச் சுற்றினுட் செலுத்திச் சில நாள் வண்டியை ஓட்டியபின், வடிகுழாயின் வாயிலில் அச்சாயம் ஒளிருமாயின் ஆவியாக்கியே கசிகின்றது எனத் துணியலாம். எஞ்சினை நிறுத்திச் சிறிதுநேரம் சென்றபின், வடிகுழாயருகே மின்கசிவுகாட்டியை வைத்துச் சோதிப்பதும் உண்டு. வாயு காற்றினும் பாரமுடையதாதலின் அது தாழ்ந்த இடத்திலேயே திரளும். டாஷ்போட்டைக் கழற்றுதல் பெருவேலை; ஐயந் தீராது அதனைத் தொடங்கலாகாது.

துணிந்தபின் முதற் செயல், சுற்றிலுள்ள பாய்பொருளை மீட்டெடுத்தலாகும். குழாயைத் தளர்த்தி வாயுவை வெளியே விட்டுவிடுதல் எளிதாயினும் அது செய்யத்தகாதது. பழைய வண்டிகளில் நிரப்பப்பட்ட ஆர்-12 ஓசோன் படையை அழிக்கும் குளோரினை உடையது. அவ்வினப் பொருள்களால் விளையும் ஆபத்தை மொலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவரும் 1974இல் எடுத்துக்காட்டினர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. அதன்படி வளர்ச்சியடைந்த நாடுகளில் 1996ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், வளர்முக நாடுகளில் 2010ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், மிகச்சில விலக்குகள் தவிர, அவற்றின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன் இடத்தைப் பெற்ற ஆர்-134ஏ ஓசோனை அழியாதாயினும், பூமியை வெப்பமாக்குவதில் ஒரு நூற்றாண்டுக் கணக்கிற் கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்கிற்கு மேற்பட்ட வலிமையுடையது. அரைக் கிலோகிராமை வெளியே விடுதல், அரைத் தொன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவை வெளிவிடுதலுக்கு ஒப்பாகும். ஆகவே மீட்புப் பொறியுடைய பட்டறையிற் பாய்பொருளைக் கலத்தில் மீட்டெடுத்தலே முறை. ஆர்-12 கிடையாத காலத்திற் சில வண்டிகளில் எரியத்தக்க ஐதரோக்காபன் வாயுவை நிரப்பியவரும் உளர். அது வண்டியினுட் கசியின் தீப்பற்றக்கூடும். ஆதலின் உள்ளிருப்பது யாதென முதலிற் சோதித்தறிதல் வேண்டும்.

அடுத்து மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிடல் வேண்டும். காற்றுப்பை உள்ள வண்டியாயின், அதன் மின்சுற்று ஓய்தற்கு வண்டிக்குரிய கைந்நூல் விதிக்கும் நேரம் பொறுத்திருத்தல் அவசியம். 1980களிலும் 1990களிலும் வந்த ஜப்பானிய வண்டிகள் பலவற்றில், ஆவியாக்கி முன்னிருக்கைப் பிரயாணியின் எதிரேயுள்ள சிறு பெட்டகத்தின் பின்னே தனிக்கூட்டில் அமைந்துள்ளது. அப்பெட்டகத்தை நீக்கியவுடன் கூடு புலப்படும். வேறு பல வண்டிகளில் டாஷ்போட் முழுவதையுமே கழற்ற நேரிடும். கழற்றும் ஆணிகளை இடவாரியாகப் பிரித்துவைத்தலும், மின்கம்பிகளுக்கு அடையாளமிடலும், பழைய பிளாத்திக்கு உறுப்புக்கள் எளிதில் உடையும் என்பதை நினைவிற் கொள்ளலும் நலம்.

எஞ்சின் அறையின் பின்சுவரில் ஆவியாக்கிக்குச் செல்லும் குழாய்கள் இரண்டு உள. திருகிணைப்பு உடையனவற்றை இரு சாவிகள் கொண்டே கழற்ற வேண்டும். ஒன்று பிடித்திருக்க மற்றொன்று திருப்பும். ஒற்றைச் சாவியால் முறுக்கின் மெல்லிய அலுமினியக் குழாய் முறுகிக் கெடும். திறந்த வாய்களை உடனே மூடிவிடல் இன்றியமையாதது. ஏனெனின் ஆர்-134ஏ பொறிகளிற் பயிலும் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சும் இயல்பினது. ஈரம் உட்புகின் விரிவு வால்வின் வாயிலிற் பனிக்கட்டியாய் உறைந்து அடைக்கும். பாய்பொருளுடனும் எண்ணெயுடனும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும்.

கூட்டைப் பிரித்தபின், வெப்பநிலையுணரி பழைய ஆவியாக்கியில் எத்தகட்டினிடையே நின்றது என்பதைக் குறித்துக்கொண்டு, புதியதிலும் அவ்விடத்திலேயே பொருத்துக. இடம் மாறின் தகடுகளில் உறைபனி மூடிக் காற்றோட்டம் தடைப்படலாம். கூட்டையும் வடிகுழாயையும் கழுவித் துடைத்தல் மறக்கற்பாலதன்று. நோய்க்குக் காரணமான சேற்றை அங்கேயே விட்டுப் புதிய உறுப்பை வைத்தல், பழைய நோயைப் புதிய உடம்பிற் புகுத்துதலாகும். இணைப்புக்களிலுள்ள இறப்பர் வளையங்களைப் புதியனவாக்கி, எண்ணெய் தடவிப் பொருத்துக. ஈரத்தை உறிஞ்சும் 'டிரையர்' என்னும் குடுவையையும் புதுப்பித்தல் வேண்டும். டாஷ்போட்டைக் கழற்றியே எட்டவேண்டிய இடத்திலிருப்பின், விரிவு வால்வையும் உடன் மாற்றுதல் அறிவுடைமை. பழைய ஆவியாக்கியில் தங்கிப்போன எண்ணெய்க்கு ஈடாகக் கைந்நூல் கூறும் அளவு புதிய எண்ணெய் சேர்த்தல் வேண்டும். குறையின் அமுக்கி தேயும், மிகின் குளிர் குறையும்.

சுற்றை மூடியபின் வெற்றிடப் பம்பினால் உள்ளிருக்கும் காற்றை அகற்றுவர். இதன் நோக்கம் காற்றை அகற்றுதல் மட்டுமன்று. நீர் 760 மில்லிமீற்றர் இரச அமுக்கத்தில் 100 பாகை செல்சியசிற் கொதிப்பது. அமுக்கம் 32 மில்லிமீற்றர் அளவுக்குத் தாழின் 30 பாகையிலேயே கொதிக்கும். எனவே ஆழ்ந்த வெற்றிடத்தில் உள்ளே தங்கிய ஈரமும் ஆவியாகி வெளியேறும். இதற்கு அரை மணித்தியாலமேனும் வேண்டும். நெடுநேரம் திறந்துகிடந்த சுற்றுக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். பின்னர்ப் பம்பை நிறுத்தி அளவுமானியைக் கவனித்தல் வேண்டும். முள் அசையாது நிற்பின் சுற்று செவ்விதாக மூடப்பட்டது எனக் கொள்ளலாம். முள் ஏறுமாயின் எங்கோ கசிவுளது, அல்லது ஈரம் எஞ்சியுளது. இதனைப் பாராது டாஷ்போட்டை முற்றப் பூட்டியவர், அதனை மீண்டும் கழற்ற நேரும்.

பாய்பொருளை நிறையளந்தே நிரப்புதல் வேண்டும். அதன் அளவு எஞ்சின் அறையில் ஒட்டப்பட்ட சீட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். ஆர்-12க்கென அமைந்த வண்டியை ஆர்-134ஏக்கு மாற்றுவதாயின், பழைய கனிப்பொருள் எண்ணெய் புதிய பாய்பொருளுடன் கலவாதாதலின் அதனை அகற்றிப் பொருத்தமான எண்ணெயை இடுதல் வேண்டும். இறப்பர் வளையங்கள், டிரையர், நிரப்பும் வாய்கள் ஆகியனவும் புதிய பாய்பொருளுக்கு ஏற்றனவாதல் வேண்டும். நிறையும் முன்னையதினுஞ் சிறிது குறைவாகவே கொள்ளப்படும். இம்மாற்றத்தைச் செய்தற்கு, சுற்று எவ்வாறும் திறக்கப்படும் இவ்வேளையே ஏற்றது.

இலங்கையில் 2020ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை தனியார் வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், பழைய வண்டியை நெடுங்காலம் பேணுதல் பலருக்கும் கட்டாயமாயிற்று. பேணுதல் என்பது பழுதான உறுப்பை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தலோடு முடிவதன்று. பழுதின் காரணத்தை அறிதல், அக்காரணத்தை நீக்குதல், திறந்ததைத் திறம்பட மூடுதல் என்னும் மூன்றும் அதன்கண் அடங்கும். ஆவியாக்கி மூடிய வட்டமொன்றின் ஓருறுப்பு. அவ்வட்டம் மூடியிருக்குமளவும் உள்ளே செல்பவர்க்குக் குளிர் தரும். திறந்துவிடின் அதனால் வரும் வெம்மை வெளியே உள்ளார் அனைவர்க்கும் பொதுவாகும். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளையை ஒருவர் பொறுப்புடன் அடைத்தல், அவ்வண்டியில் ஒருநாளும் ஏறாதவர்க்கும் செய்யும் நன்மையாகும்.